கசடில் பாஸ்பரஸ் அளப்பது: பல ஆண்டுப் புழக்கத்தில் தேறியவை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையக் கசடில் பாஸ்பரஸ் அளக்கும் வேலை எனக்குப் பழகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நீல நிற முறை, எஸ்எம்டி பிரித்தெடுப்பு (பாஸ்பரஸ் வடிவங்களைப் படிப்படியாகக் கரைத்துப் பிரிக்கும் முறை), ஐசிபி (பிளாஸ்மாவில் தனிமங்களை அளக்கும் கருவி), எப்போதாவது என்எம்ஆர் (காந்தப்புலத்தில் மூலக்கூறு வடிவத்தைக் காட்டும் கருவி) என்று எல்லாவற்றிலும் கைவைத்தாகிவிட்டது. எந்தக் கருவி நல்லது என்றுதான் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பார்கள். கருவி பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். மாதிரியை மொண்ட நிமிடத்துக்கும் வடிகட்டிய நிமிடத்துக்கும் நடுவில்தான் எண் கெட்டுப்போகிறது.

உயிரியல் முறையில் பாஸ்பரஸ் நீக்கும் நிலையமாக இருந்தால் இது இன்னும் மோசம். அங்கே வளரும் நுண்ணுயிர்கள் பாஸ்பேட்டைச் சங்கிலியாகக் கோத்துப் பாலிபாஸ்பேட்டாக உடம்பில் சேர்த்துக்கொள்ளும். சாதாரணக் கசடின் உலர் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும் பாஸ்பரஸ், இதில் 5 முதல் 7 சதவீதம் வரைகூடப் போகும். பாட்டிலை மூடி வைத்தால் உள்ளே ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்துவிடும். உடனே அந்தச் சங்கிலி உடைந்து பாஸ்பேட் தண்ணீருக்குள் வரத் தொடங்கும். காலையில் எடுத்ததை மதியம் வடிகட்டினால், தொட்டியிலேயே இல்லாத ஆர்த்தோபாஸ்பேட்டை (சங்கிலியாகாத தனிப் பாஸ்பேட்டை) அளந்துகொண்டிருப்போம். மொத்த பாஸ்பரஸ் அப்படியேதான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. 0.45 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரைத் தொட்டிக்கரைக்கே கொண்டுபோவதுதான் வழி. கசடு திக்காக இருந்தால் சில மில்லி இறங்குவதற்குள் அது அடைத்துக்கொள்ளும். முதலில் கண்ணாடியிழைத் தாளில் ஒருமுறை வடித்துவிட்டு, அப்புறம் சிரிஞ்சுக்குப் போவது நல்லது.

அன்றாட வேலைக்கு நான் இன்னும் நம்புவது 1962இல் மர்ஃபியும் ரைலியும் வெளியிட்ட மாலிப்டினம் நீல முறையைத்தான். அமில மாலிப்டேட், கொஞ்சம் ஆன்டிமனி, அஸ்கார்பிக் அமிலம், 880 நானோமீட்டர் அலைநீள ஒளி, அவ்வளவே. கலந்து 10 நிமிடத்துக்கு மேல், 30 நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். கலவை வினைப்பொருள் சில மணி நேரம்தான் தாங்கும், அதனால் அன்றன்றைக்குத் தயாரிக்கிறேன். கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்துத்தான் கழுவ வேண்டும். பாஸ்பேட் கலந்த சோப்பு அலமாரியில் இருந்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இந்த நீலம் ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டும்தான் காட்டும். வேறு வடிவங்களைப் பிரித்துப் பார்க்க எஸ்எம்டி முறை. 200 மில்லிகிராம் உலர்ந்த கசடு, 20 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு, 16 மணி நேரக் குலுக்கல். இதில் வருவது இரும்பு, அலுமினியத்தோடு ஒட்டியிருப்பது. மிஞ்சியதை உப்புக்கரைசலில் கழுவி 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மறுபடி 16 மணி நேரம் வைத்தால் கால்சியத்தோடு இருப்பது வரும். மொத்தத்துக்குத் தனியாக ஒரு பங்கை 450 டிகிரியில் 3 மணி நேரம் எரித்து 20 மில்லி 3.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எடுக்க வேண்டும். கார வடிநீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். அமிலம் விட்டு ஓர் இரவு வைத்தால் மட்கு படிந்து மேல்நீர் தெளியும். அதற்கு முன் அவசரப்பட்டு நிறம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

2 சதவீத பாஸ்பரஸ் உள்ள கசடு என்றால் அந்த 20 மில்லியில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கும். நீல முறைக்கு 1 மில்லிகிராம் அளவில் வேண்டும், ஆக 200 மடங்குக்கு மேல் நீர்க்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு லாபம் உண்டு: 3.5 மோலார் அமிலத்தின் தொல்லையும் கூடவே கரைந்துபோகும். பிப்பெட் சரியில்லை என்றால் மட்டும் எல்லாமே போச்சு.

முறைக்குள்ளேயே சோதனை இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். காரத்திலும் அமிலத்திலும் வந்த இரண்டு கனிமப் பங்குகளின் கூட்டல் தனியாக அளந்த கனிம மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். கனிமமும் கரிமமும் சேர்ந்து மொத்தத்தைத் தொட வேண்டும். பிசிஆர்-684 என்ற சான்றளிக்கப்பட்ட மாதிரியும் இருக்கிறது, ஆனால் அது ஆற்றுப்படிவு. அதில் சரியாக வந்தது கசடிலும் வரும் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. குறிப்பாகப் பாலிபாஸ்பேட் அமிலத்தில் ஓரளவு உடைந்து கனிமப் பங்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அறிக்கையில் ‘அபடைட்’ (ஒரு கால்சியம் பாஸ்பேட் தாது) என்று எழுதியிருப்பதைத் தாதுவின் பெயராக நம்ப வேண்டாம், அந்த 1 மோலார் அமிலத்தில் கரைந்தது என்று மட்டும் படியுங்கள். பாலிபாஸ்பேட் நிஜமாகவே இருக்கிறதா என்று தெரிய என்எம்ஆரில் மைனஸ் 20 பிபிஎம் பக்கம் பார்க்க வேண்டும். இரும்பு அதிகமாக இருந்தால் அந்தச் சிகரமும் அகன்று மங்கிவிடும்.

ஐசிபி வேகமானது. இராஜ திராவகத்தில் கரைத்துவிட்டால் மாதிரிக்குச் சில நிமிடம்தான். செம்பு நிறைந்த கசடில் பாஸ்பரஸின் 213.6 நானோமீட்டர் ஒளிக்கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள், செம்பின் கோடு பக்கத்திலேயே இருக்கிறது. ஐசிபி எல்லா வடிவத்தையும் சேர்த்தே எண்ணும். அதனால் ஒரே வடிநீரில் ஐசிபி மதிப்புக்கும் நீல முறை மதிப்புக்கும் வித்தியாசம் வந்தால் நான் கருவியைத் திட்டுவதில்லை. ஆர்த்தோ அல்லாத பங்கு எவ்வளவு என்பதற்கு அதுவே முதல் துப்பு.

வெளியிலிருந்து வரும் அறிக்கையில் முதலில் அலகைப் பாருங்கள். பாஸ்பரஸாகவா, பாஸ்பேட்டாகவா, உரக்காரர்கள் கேட்கும் பி2ஓ5 (பாஸ்பரஸ் பென்டாக்சைடு) ஆகவா? பாஸ்பரஸ் கணக்கை பாஸ்பேட் ஆக்க 3.07ஆல் பெருக்க வேண்டும், பி2ஓ5 ஆக்க 2.29ஆல். உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்பதும் எழுதியிருக்காவிட்டால் அந்த எண்ணைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.