நாட்செஸில் ஒரே நாள்: எந்த மாளிகைக்கு டிக்கெட் எடுப்பது?

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் மேட்டங்கரையில் இருக்கும் நாட்செஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 14,000 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் பருத்திப் பணத்தில் எழும்பிய மாளிகைகளுக்கு ஊரில் குறைவில்லை. ஒரே நாளில் மூன்றுக்கு மேல் நுழைந்தால், சாயங்காலம் எந்தத் தூண் எந்த வீட்டுத் தூண் என்பதே மறந்துவிடும். அதனால் முதலிலேயே கழித்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலோர் முதலில் போவது ஸ்டான்டன் ஹாலுக்கு. அயர்லாந்திலிருந்து வந்த பருத்தித் தரகர் ஃபிரெடெரிக் ஸ்டான்டன் 1857இல் முடித்த வீடு அது. நாலு தெருக்களுக்கு நடுவிலுள்ள ஒரு பிளாக் முழுக்க அதன் மனை. நடுக்கூடம் மட்டும் 72 அடி நீளம். 1859இல் அவர் இறந்துவிட்டார். பின்னாளில் அங்கே பெண்கள் கல்லூரி நடந்தது, ஆகவே உள்ளிருக்கும் சாமான் எல்லாமே அவர் வாங்கிப் போட்டது என்று நம்பிவிட வேண்டாம். உச்சியில் இலை வேலைப்பாடுள்ள கொரிந்தியத் தூண்களும் இரும்பு வேலையும் வெளியிலிருந்தே தெரியும். நேரம் குறைவென்றால் நான் கழிப்பது இதைத்தான்.

லாங்வுட் அப்படியல்ல. பிலடெல்பியா கட்டடக்கலைஞர் சாமுவேல் ஸ்லோன், ஹாலர் நட் என்ற தோட்ட முதலாளிக்காக வரைந்த எண்கோண வீடு. உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம். 1861இல் போர் வந்ததும் வடக்கிலிருந்து வந்த கைவினைஞர்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊர் திரும்பிவிட்டார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் முடிந்தவை கீழ்த்தளத்தின் ஒன்பது மட்டும். நட் 1864இல் இறந்தார். குடும்பம் அந்த ஒன்பது அறைகளிலேயே காலம் தள்ளியது.

மாடிப்படி ஏறினால்தான் விஷயம். பூச்சு காணாத செங்கல், மூடாத உத்தரங்கள், பெட்டிகள், விட்டுப்போன கருவிகள். மற்ற வீடுகளில் சாந்துக்கும் வண்ணத்துக்கும் பின்னால் ஒளிந்திருப்பதெல்லாம் இங்கே வெட்டவெளிச்சம். நடுவில் குவிமாடம் வரை திறந்த கூடு ஏன் என்பதும் அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் புரியும்: சூடான காற்று புகைபோக்கியில் போவதுபோல மேலேறி வெளியேற வேண்டும், ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும். பாதியில் நின்றதால் அந்தக் கணக்கு முழுசாகச் சோதிக்கப்படவே இல்லை. இந்தத் தளத்துக்கு மேலே உள்ளவற்றுக்குப் பொதுவாக விடுவதில்லை. முடிக்காத பகுதியில் ஏசியும் கிடையாது. கோடையில் காலையிலேயே போய்விடுங்கள்.

மெல்ரோஸ் 1840களில் வழக்கறிஞர் ஜான் மக்மரன் கட்டியது. 1865இல் விற்றபோது நிறைய சாமான்களும் வீட்டோடு சேர்ந்தே கைமாறின, ஸ்டான்டன் ஹாலுக்கு இல்லாத பாக்கியம் இது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே மஹோகனியில் செதுக்கிய பலகை ஒன்று தொங்கும். பெயர் என்ன தெரியுமா? பங்கா! கயிறு இழுத்தால் ஆடி வீசும் விசிறி. இந்தியாவிலிருந்து போன அதே சொல்தான். விருந்து முடியும் வரை மூலையில் நின்று கயிறு இழுத்தது அடிமைகள். கொல்லைப்புறத்துக்குக் கட்டாயம் போங்கள்: தனிச் சமையல்கட்டு, பால் அறை, அடிமைகள் தங்கிய வீடுகள், லாயம் எல்லாம் நிற்கின்றன. தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருப்பதால் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கக் காசில்லை. வீட்டுக்குள் போகத்தான் டிக்கெட்.

நாலாவது, ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீடு. தூணும் இல்லை, குவிமாடமும் இல்லை. 1840 சூறாவளியில் இடிந்த கட்டடங்களின் செங்கல்லைக் கொண்டு எழுப்பியது. ஜான்சன் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று முடிதிருத்தும் கடைகள் நடத்தியவர். தாமும் அடிமைகளை வைத்திருந்தவர். 1835 முதல் 1851இல் கொலையுண்டது வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் ஊரின் கடன், பந்தயம், சண்டை எல்லாம் வருகிறது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மாடியில் குடியிருந்தார். அரை மணி போதும்.

ஸ்டான்டன் ஹாலிலிருந்து ஜான்சன் வீட்டுக்கு நடந்தே போகலாம். லாங்வுட்டுக்கும் மெல்ரோஸுக்கும் கார் வேண்டும். காலையில் லாங்வுட், அடுத்து மெல்ரோஸ், மதியத்துக்கு மேல் ஜான்சன் வீடு என்று வைத்துக்கொண்டால் வெயிலும் படாது. வசந்தகாலத்தில், 1932 முதல் நடக்கும் ‘பில்கிரிமேஜ்’ என்ற பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் நாட்களில் தனியார் வீடுகளும் திறக்கும், கூட்டமும் சேரும். அப்போது போகிறவர்கள் முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுவது நல்லது.