கருவாட்டுக்கு இடமில்லாத உணவு வினாப்படிவம்

புதுச்சேரியிலுள்ள ஒரு தனியார் பரிசோதனை நிலையம், முழு உடல் பரிசோதனையுடன் 1,200 ரூபாய் கூடுதல் கட்டணத்தில் ‘உணவுமுறை மதிப்பீடு’ செய்து தருகிறது. கடலூர் முதுநகரில் வசிக்கும் நான், இரத்த அழுத்தமுள்ள என் அம்மாவை மே மாதம் அங்கே அழைத்துச் சென்றேன். இரத்தப் பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கை மறுநாளே வந்துவிட்டது. என் மனத்தாங்கல் முழுவதும் உணவுமுறை மதிப்பீட்டுக்காக நிரப்பும் வினாப்படிவத்தைப் பற்றியதுதான்.

ஓட்ஸ், பாலாடைக்கட்டி, சாலட் என்று நீண்ட பட்டியலில் பழைய சோறும் இல்லை, கேழ்வரகுக் கூழும் இல்லை, கருவாடும் இல்லை. “சோறு எத்தனை கிண்ணம்?” என்று ஊழியர் கேட்டபோது, “எந்தக் கிண்ணத்தக் கேக்குறம்மா? நான் தட்டுலதான போட்டுச் சாப்புடுறேன்” என்றார் அம்மா. ஊழியர் தாமாகவே ‘இரண்டு’ என்று குறித்துக்கொண்டார். பலாப்பழம் வாரத்துக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கு, பண்ருட்டிப் பலா வந்து குவியும் மாதத்தை நினைத்து அம்மா சொன்ன பதில், ஆண்டு முழுவதற்குமான கணக்காகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஏழு நாள் அம்மாவின் தட்டைத் தராசில் வைத்து எழுதினேன். படிவத்தின்படி இரண்டு கிண்ணம் என்பது 300 கிராம். மதியச் சோறு மட்டுமே பெரும்பாலும் 400 கிராமைத் தாண்டியது. அந்த வாரத்தில் நான்கு நாள் கருவாடு இருந்தது. அறிக்கையோ, உப்பு அளவோடு இருப்பதாகச் சொன்னது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரிடம் இப்படிச் சொல்வதை என்னால் சிறு பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இத்தகைய படிவங்களை அவை பயன்படும் மக்களிடமே சோதித்துப் பார்ப்பது பழைய வழக்கம். 1985-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில், பாஸ்டன் பகுதிச் செவிலியர் 173 பேர் ஓராண்டில் நான்கு முறை, முறைக்கு ஒரு வாரம், உண்டதை எடைபோட்டு எழுதிய குறிப்புகளோடு படிவம் ஒப்பிடப்பட்டது. ஆனால் அந்தச் செவிலியருக்குப் பொருந்தியது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் உண்ணும் டோர்ட்டியா என்ற தட்டை ரொட்டியில் மக்காச்சோள வகை, சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தால் கால்சியம் தருவது. கோதுமை வகையிலோ கொழுப்பு சேர்த்துப் பிசைவார்கள். இரண்டையும் ‘ரொட்டி’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்தால் இரு கணக்குமே தவறும். அவரைப் பருப்பைப் பன்றிக்கொழுப்பில் வதக்கினார்களா, வெறுமனே வேகவைத்தார்களா என்பதையும் கேட்டாக வேண்டும். நம் ஊரில் மீனைக் குழம்பில் போட்டதா, எண்ணெயில் பொரித்ததா என்று கேட்பதும் அதே போலத்தான். இந்தப் படிவம் அதையும் கேட்கவில்லை.

மேலும், இவ்வகைப் படிவம் ஒரு கூட்டத்தில் யார் அதிகம் உண்பவர், யார் குறைவாக உண்பவர் என்று வரிசைப்படுத்த ஓரளவு உதவுமே தவிர, தனி ஒருவருக்கு ‘நாளொன்றுக்கு 1,432 கலோரி’ என்று துல்லியமாக அச்சிட்டுத் தரத் தகுந்ததன்று.

என் குறிப்பேட்டை உணவு ஆலோசகரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்து, உப்பைப் பற்றிய ஆலோசனையை மாற்றி எழுதித் தந்தார். அந்த அரைமணி நேரத்துக்காக அவருக்கு நன்றி சொல்வேன். இரத்தப் பரிசோதனைக்கு இந்த நிலையத்துக்குத் தயங்காமல் செல்லலாம். உணவு மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதானால், வீட்டில் எடைபோட்டு எழுதிய ஒரு வாரக் கணக்கையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.