கன்ட்ரோலரின் அனலாக் இன்புட்: நெடுநாள் பயன்பாட்டில் தெரியவரும் கோளாறுகள்

ப்ராசஸ் கன்ட்ரோலர் (வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளந்து கட்டுப்படுத்தும் கருவி) வாங்குகிறவர்கள் பிஐடி ட்யூனிங்கைப் பற்றித்தான், அதாவது கட்டுப்பாட்டுக் கணக்கின் அமைப்பைப் பற்றித்தான், அதிகம் விசாரிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடும் யூனிட்டுகளில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் சென்சார் சிக்னலை வாங்கும் இன்புட் பக்கம். அங்கே தப்பாக அளந்தால், எவ்வளவு நன்றாக ட்யூன் செய்திருந்தாலும் பயனில்லை.

செட்டிங் போடும் வரிசை முக்கியம்: இன்புட் வகை, தசமப் புள்ளி, ஸ்கேல் (சிக்னலின் இரு எல்லைகளுக்கும் திரையில் வரவேண்டிய மதிப்பு), கடைசியில்தான் அலாரம். பல மாடல்களில் இன்புட் வகையை மாற்றியதும் ஸ்கேலும் அலாரமும் பழைய ஃபேக்டரி மதிப்புக்குத் திரும்பிவிடும். வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் ஒரே டெர்மினலில் வாங்கும் சில யூனிட்டுகளில் உள்ளே ஜம்பரும் (இடம் மாற்றிப் போடும் சிறு இணைப்பு) இருக்கும். மெனுவில் மட்டும் மாற்றினால் போதாது. கரண்ட் இன்புட் இல்லையென்றால் டெர்மினலுக்குக் குறுக்கே 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு 1–5 வோல்ட்டாக எடுக்கலாம். 0.1 சதவீத ரெசிஸ்டராகப் பாருங்கள். 5 சதவீத ரெசிஸ்டரின் பிழை அப்படியே ரீடிங்கில் ஏறிவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு, 4–20 மில்லி ஆம்பியர் ட்ரான்ஸ்மிட்டருக்கு (அளவை மின் சிக்னலாக மாற்றி அனுப்பும் கருவி) 0–20 என்று தேர்வு செய்வது. 0–10 பார் ட்ரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தமே இல்லாதபோது 2 பார் காட்டும், 5 பாரில் 6 காட்டும், 10 பாரில் சரியாக 10 காட்டும். இதைப் பார்த்த ஒருவர் காரணத்தைத் தேடாமல் பயாஸில் (ரீடிங்கோடு கூட்டும் நிலையான திருத்தம்) -2 போட்டு ஜீரோவைச் சரிக்கட்டினால், உண்மையில் 10 பார் இருக்கும்போது திரையில் 8தான் வரும். பிரஷர் லைனில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே ஜீரோவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லூப் கேலிப்ரேட்டரில் (துல்லியமான கரண்டைக் கொடுக்கும் சோதனைக் கருவி) 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் கொடுத்து, ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் பாருங்கள். 4–20 என்று சரியாக வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: வயர் அறுந்தால் கரண்ட் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போய்விடும், கன்ட்ரோலர் அதைக் கோளாறு என்று கண்டுகொள்ளும்.

டிபி (அழுத்த வித்தியாச) ட்ரான்ஸ்மிட்டரில் ஃப்ளோ அளக்கும்போது, அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலம்தான் ஃப்ளோ என்பதால், அந்த வர்க்கமூலத்தை ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரிலும் கன்ட்ரோலரிலும் போட்டுவிட்டால், 50 சதவீத ஃப்ளோ சுமார் 71 சதவீதமாகக் காட்டும். ஜீரோவும் முழு அளவும் சரியாகவே இருப்பதால், இரண்டு முனைகளை மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது.

தெர்மோகப்பிளிலும் (இரு வேறு உலோகங்களை இணைத்த வெப்ப சென்சார்) இதே சிக்கல்தான். ஜே வகை சென்சாருக்கு கே வகை என்று வைத்தாலும் அறை வெப்பநிலை சரியாகவே வரும்; 100 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் 20 டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டுவது தெரியும். சென்சாரையும் பேனலையும் இணைக்கும் காம்பன்சேட்டிங் கேபிளை இரு முனையிலும் பிளஸ், மைனஸ் மாற்றிக் கட்டினால், சென்சார் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பிழை வரும்.

மின்தடையை வைத்து வெப்பநிலை அளக்கும் பிடி-100 சென்சாரில் 1 ஓம் கூடினால் சுமார் 2.6 டிகிரி கூடுதலாகக் காட்டும். மூன்று வயர் இணைப்பு கேபிளின் மின்தடையைக் கழித்துவிடும்தான், ஆனால் மூன்று வயர்களின் தடையும் சமமாக இருந்தால் மட்டுமே. ஒரு டெர்மினலில் துரு ஏறினாலோ ஸ்க்ரூ தளர்ந்தாலோ ரீடிங் மெல்ல நகரும். பயாஸ் போட்டு அதை மறைப்பதைவிட டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குவதே சரி.

ரீடிங் ஆடினால் ஃபில்டரை (ரீடிங்கைச் சீராக்கும் செட்டிங்) கூட்டிவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். ஃபில்டர் 30 வினாடி என்றால், திடீர் மாற்றத்தின் 63 சதவீதம் திரைக்கு வரவே 30 வினாடி ஆகும். முழுமையாக வர இரண்டரை நிமிடம். அதுவரை அலாரமும் தாமதிக்கும், பிஐடியும் தள்ளாடும். முதலில் கேபிளின் ஷீல்டை (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சிக்னல் கேபிளை டிரைவின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஓட்டாதீர்கள். அதற்குப் பிறகும் ஆடினால் ஒன்றிரண்டு வினாடி ஃபில்டர் வைக்கலாம்.

பர்ன்-அவுட் திசையை, அதாவது சென்சார் அறுந்தால் ரீடிங் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை, ஹீட்டருக்கு மேல்நோக்கி வையுங்கள். கீழ்நோக்கி இருந்தால், சென்சார் அறுந்ததும் கன்ட்ரோலர் குளிர்ந்துவிட்டதாக எண்ணி முழு பவரையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். குளிர்விக்கும் லூப்பில் இது நேர்மாறு. ஓடவிடும் முன் சென்சார் வயரைக் கழற்றி, அவுட்புட் ஆஃப் ஆகிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.