640 பவுண்டு கொடுத்தேன், வந்தது பூட்லெக்: சோல் 45 வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஆன்லைன் ஏலத்தில் பழைய அமெரிக்க சோல் 45 (கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசை வந்த, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஏழு அங்குல இசைத்தட்டு) வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1966இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வெளியிட்ட சிங்கிள் ஒன்றை ஒரிஜினல் என்று சொல்லி 640 பவுண்டுக்கு என் தலையில் கட்டினார் ஒருவர். வந்தது எழுபதுகளில் இங்கிலாந்து நடன அரங்குகளுக்காகத் திருட்டுத்தனமாக அடித்த பூட்லெக். சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன், தட்டையும் அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது பார்த்தால் அதே ஆள், அதே படங்கள், அதே வர்ணனையோடு அதை மறுபடியும் ஏலத்தில் போட்டிருக்கிறார். ஆட்கள் ஏலம் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். என் பணம் வந்துவிட்டது என்று சும்மா இருக்க முடியவில்லை.

விற்றவர் பெயரையும் பாட்டின் பெயரையும் போடவில்லை. பாட்டைச் சொன்னாலே தேடி ஆளைப் பிடித்துவிடலாம், ஏலத் தளத்தில் அவர் மேல் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அது முடியட்டும். ஆனால் அவர் செய்த வேலை அவர் மட்டும் செய்வதில்லை, அதனால் எப்படிச் செய்தார் என்பதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

ஏழு அங்குலத் தட்டுக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. அறுபதுகளின் கடைசியிலிருந்து வட இங்கிலாந்தில் நார்தர்ன் சோல் என்று ஒரு உலகம். மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 முதல் 1981 வரை விகன் கசீனோ, எல்லாம் நடன அரங்குகள். இங்கே ஆடியவர்களுக்கு வேண்டியது ஹிட் பாட்டுகள் அல்ல. அமெரிக்காவில் யாரும் கவனிக்காமல் போன, வேகமான தாளமுள்ள சோல் பாட்டுகள்தான் வேண்டும். யாரிடமும் இல்லாத ரெக்கார்டு எந்த டிஜேயிடம் இருக்கிறதோ அவர்தான் ராஜா. அதனால் லேபிளை மறைத்து, பாடகர் பெயரை மாற்றிச் சொல்லி ஓடவிட்டார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுன் என்ற பெரிய அமெரிக்க சோல் நிறுவனத்துக்குப் பாடிய ‘டூ ஐ லவ் யூ’ இப்படித்தான் எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் முதலில் ஒலித்தது. மோட்டவுன் அந்த ரெக்கார்டை விற்பனைக்கே விடாமல் நிறுத்திவிட்டது, தப்பிய பிரதிகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

இந்த மாதிரிச் செய்தி ஒவ்வொன்று வரும்போதும் ஏமாற்றுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஏனென்றால் விலை பாட்டுக்கு இல்லை, குறிப்பிட்ட அச்சுக்குத்தான். டாரல் பேங்க்ஸின் ‘ஓபன் த டோர் டு யுவர் ஹார்ட்’ நல்ல உதாரணம். அமெரிக்காவில் ரெவிலாட் லேபிளில் வந்து ஹிட்டான பாட்டு, அந்தப் பிரதியைச் சாதாரண விலைக்கே வாங்கலாம். அதே ஒலிப்பதிவை இங்கிலாந்தில் லண்டன் என்ற பெயருள்ள லேபிள் 1966இல் வெளியிடப் போய், உரிமை ஸ்டேட்சைடு என்ற இன்னொரு லேபிளுக்குப் போய்விட்டதால் பின்வாங்கிக்கொண்டது. அந்த லண்டன் லேபிள் பிரதி ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்கு ஏலம் போனது. காதுக்கு இரண்டும் ஒரே பாட்டு. வித்தியாசம் லேபிளிலும் தட்டிலும் மட்டும். இப்படியொரு சந்தையில் பொய் சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் விஷயம். ஏல வர்ணனையில் ‘ஒரிஜினல், 1966, நல்ல நிலை’ என்று இருந்தது. லேபிள் படம் தெளிவாக இருந்தது. லேபிளின் ஓரத்தில் நீல மையில் யாரோ பேனாவால் ஓர் எழுத்து எழுதியிருந்தார்கள். ஏலம் கேட்கும் முன்பே ரன்-அவுட் பகுதியின் படம் வேண்டும் என்று எழுதினேன். பாட்டுத் தடம் முடிந்து லேபிள் தொடங்கும் வரை வெறுமையாக இருக்கும் வளையம் அது, சேகரிப்பவர்கள் டெட் வாக்ஸ் என்பார்கள். அவர் உடனே ஒரு படம் அனுப்பினார். அதில் கீறி எழுதிய சின்ன முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலையில் அச்சான தட்டுகளின் அடையாளம் அதுதான். அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகும், அதை வைத்துத் தட்டு ஏறக்குறைய எப்போது அச்சானது என்றே சொல்லிவிடலாம். எண் 1966க்குச் சரியாகப் பொருந்தியது. இது முதல் அச்சுதானா என்று எழுத்தில் கேட்டேன், ஆமாம் என்று எழுத்திலேயே பதில் வந்தது.

பார்சலைப் பிரித்துத் தட்டைக் கையில் எடுத்ததுமே உறுத்தியது. இந்தப் பாட்டின் ஒரிஜினல் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வந்தது. வினைல் தட்டை இரண்டு லேபிளோடும் சேர்த்துச் சூட்டில் அழுத்துவார்கள், அதனால் லேபிள் தட்டோடு ஒன்றிப் போயிருக்கும். ஸ்டைரீன் அப்படி இல்லை, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தித் தட்டு செய்வார்கள், லேபிளைப் பிறகு பசை போட்டு ஒட்டுவார்கள். ஸ்டைரீன் விறைப்பாக இருக்கும், விரலால் மெல்லச் சுண்டினால் ‘டிக்’ என்று கேட்கும். எனக்கு வந்தது நன்றாக வளைந்தது, லேபிள் தட்டோடு அழுந்தியிருந்தது. அதாவது வினைல். டெட் வாக்ஸில் முக்கோணமே இல்லை, கையால் கிறுக்கிய ஓர் எண் மட்டும். லேபிளின் சின்ன எழுத்துகள் லென்ஸில் பார்த்தால் மசமசவென்று கரைந்திருந்தன, இன்னொரு லேபிளைப் படம் பிடித்து அச்சடித்தால் அப்படித்தான் வரும். பேனா எழுத்தும் காணோம்.

போட்டுக் கேட்டால் இன்னும் தெளிவானது. தட்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் பாட்டுக்குள் பொரிகிற சத்தம் கேட்டது. வேறு ஒரு பழைய ரெக்கார்டை ஓடவிட்டு அதிலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள், அந்த மூலத் தட்டின் கீறலெல்லாம் பாட்டோடு சேர்ந்து இதில் இறங்கியிருக்கிறது. கீச்சொலிகள் மழுங்கி, டாம்பரின் என்ற சலங்கைத் தாள வாத்தியம் போர்வைக்குள் அடிப்பது போலக் கேட்டது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். வாலிபத்தில் விகன் கசீனோவில் ஆடியவர், இப்போதும் வீடு நிறைய 45கள். தட்டைப் பார்த்ததும் எதுவும் சொல்லாமல் உள்ளே போய் அவருடைய பிரதியைக் கொண்டு வந்தார். டெட் வாக்ஸில் அதே கிறுக்கல், அதே எண். எழுபதுகளில் நடன அரங்கு வாசலில் சில்லறைக் காசுக்கு வாங்கினாராம், பூட்லெக் என்று தெரிந்தேதான். அன்றைக்கு ஒரிஜினல் வாங்க வசதியில்லாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள், அதில் வெட்கம் இல்லை என்றார். அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் அயோக்கியத்தனம் என்றும் சொன்னார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பூட்லெக்குகளுக்கே இப்போது ஐம்பது வயது ஆகிறது. உறை பழுப்பேறியிருக்கிறது, தட்டில் தேய்மானம் இருக்கிறது, பழைய வாசனை வருகிறது என்பதெல்லாம் ஒன்றையும் நிரூபிக்காது.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் பேனா எழுத்தைப் பற்றிக் கேட்டதற்கு, அனுப்பும் முன் துடைத்துச் சுத்தம் செய்ததாகச் சொன்னார். அறுபது வருடக் காகித லேபிளில் ஊறிய மையைத் தடமே இல்லாமல் துடைத்தாராம்! முக்கோணம் எங்கே என்று கேட்டேன், சில பிரதிகளில் இருக்காது என்றார். அப்படியென்றால் நீங்கள் அனுப்பிய படம் எந்தப் பிரதி? அதற்குப் பதில் இல்லை. சில நாள் கழித்து, இது இரண்டாம் அச்சு, நானும் ஒரிஜினல் என்றுதான் சொன்னேனே தவிர முதல் அச்சு என்று சொல்லவில்லை என்று ஒரு கதை. அவரே எழுதியதை எடுத்துக் காட்டினேன். உடனே குரல் மாறியது, 150 பவுண்டு திருப்பித் தருகிறேன், தட்டை வைத்துக்கொண்டு புகாரை முடித்துக்கொள் என்றார்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சோர்ந்துபோய்ச் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். நான் பணம் கட்டியது பேபால் வழியாக, அங்கே ஒருமுறை மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. நான் புகாரைத் திறந்தே வைத்திருந்தேன். அவருடைய எழுத்துப் பதில்கள், அவர் அனுப்பிய படமும் வந்த தட்டின் படமும் பக்கத்தில் பக்கத்தில், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு, எல்லாவற்றையும் ஏற்றினேன். முழுப் பணமும் வந்தது. திருப்பி அனுப்பிய காப்பீட்டுத் தபால் செலவு மட்டும் என் கையிலிருந்து போனது.

அப்புறம்தான் அந்தப் படங்களைத் தேடினேன். பல வருடங்களுக்கு முன்னால் வேறொருவர் நடத்திய ஏலத்தின் படங்கள் அவை, விலைப் பதிவுத் தளங்களில் இன்னும் கிடக்கின்றன. நீல மை எழுத்தோடு உள்ள அந்த ஒரிஜினல் இவர் கையில் என்றைக்குமே இருந்திருக்காது என்பதுதான் என் எண்ணம். இப்போதைய ஏலத்திலும் அதே நீல மை லேபிள்தான் காட்டப்படுகிறது, துடைத்துவிட்டதாக எனக்குச் சொன்ன அதே மை.

அதனால் ரன்-அவுட் படம் கேட்டால் மட்டும் போதாது. ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதித் தட்டின் மேல் வைத்து, டெட் வாக்ஸ் எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. நேர்மையான வியாபாரிகள் யாரும் இதற்குச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மழுப்புகிறார் என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். ஸ்டைரீன் தட்டென்றால் பாட்டின் முதல் பத்து வினாடி ஓடும் வீடியோவும் கேளுங்கள். டிஜேக்கள் பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்க ஊசியை வைத்தபடி தட்டை முன்னும் பின்னும் ஆட்டியதில் அந்த இடம் தேய்ந்து ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வரும், க்யூ பர்ன் என்பார்கள், அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்து மட்டும் போட்ட தர மதிப்பு ஸ்டைரீனுக்கு உதவவே உதவாது.

இன்னொன்று, விற்பவர் காட்டும் பழைய ஏல விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏலம் முடிந்த விலை வேறு, பணம் கைமாறிய விலை வேறு. ஏலம் கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனவர்களின் விலையும், விற்பவரே வேறு பெயரில் ஏற்றிவிட்ட விலையும் அந்தப் பட்டியல்களில் கலந்து கிடக்கின்றன. எனக்கு விற்றவர் எடுத்துக் காட்டிய உச்ச விலை உண்மையான ஒரிஜினலுக்கு வந்தது, அதைக் காட்டித்தான் சில்லறைத் தட்டை 640க்கு ஏற்றினார்.

பணம் கட்டும்போது ‘ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி’ முறையில் அனுப்பினால் கமிஷன் மிச்சம், விலையில் குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். என்னிடமும் கேட்டார், மறுத்துவிட்டேன். அந்த முறையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பிரிட்டனில் வியாபாரியாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். பொருள் வர்ணனைப்படி இருக்க வேண்டும் என்பது தனி ஆளாக விற்பவருக்கும் பொருந்தும்.

பேபாலில் சரக்குக்கான முறையில் பணம் கட்டியிருந்தால் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். கடந்த ஆறு மாதத்தில் பெரிய விலைக்கு ஏதாவது வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து விளக்கடியில் சாய்த்து டெட் வாக்ஸைப் பாருங்கள். எண் சந்தேகமாக இருந்தால் தெளிவான படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பெரியவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.