மல்டிபூட் வட்டுக்கு எந்த பூட் மெனு? என் நீண்டநாள் அனுபவம்

கம்ப்யூட்டர் சர்வீஸுக்குக் கிளம்பும்போது பையில் எட்டு டிவிடி எடுத்துப்போன காலம் உண்டு. விண்டோஸுக்கு ஒன்று, ரேம் சோதிக்க மெம்டெஸ்ட், பார்ட்டிஷன் பிரிக்க ஜிபார்ட்டட், ஹார்ட்டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்சில்லா என்று ஒவ்வொன்றும் தனித்தனி. எல்லாவற்றையும் ஒரே வட்டில் அடக்க முடியும் என்று தெரிந்த பிறகு, இதுவரை மூன்று பூட் மெனு மென்பொருள்களோடு (கம்ப்யூட்டர் எழும்போது எதை ஓட்டுவது என்று கேட்பவை) ஆண்டுக்கணக்கில் பழகிவிட்டேன்.

முதலில் ஐசோலினக்ஸ். மெனு முழுவதும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும், நோட்பேடிலேயே திருத்தலாம். நான் செய்த முதல் வட்டில் மெனு பத்து விநாடி காத்திருக்கட்டும் என்று டைம்அவுட்டில் 10 என்று போட்டேன். பூட் செய்தால் மெனு ஒரு கணம் மின்னி மறைந்துவிட்டது. அது விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிடுகிறது, 100 போட்டால்தான் பத்து விநாடி. ஒரு டிவிடி வீணானது. அதற்குப் பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்காமல் நான் எந்த வட்டையும் எழுதியதில்லை.

ஐசோலினக்ஸில் எனக்குச் சலித்துப்போனது வேறு விஷயம். ஒவ்வொரு லினக்ஸையும் பிரித்து, கெர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) இனிட்ஆர்டியையும் (பூட் ஆகும்போது கூடவே ஏற்றப்படும் ஃபைல்) தனி ஃபோல்டரில் போட்டு, பாதையை மெனுவில் எழுத வேண்டும். புதிய பதிப்பு வந்தால் திரும்பவும் அதே வேலை. மெனுவின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்: ஒரு ஐஎஸ்ஓவை (முழு வட்டையும் அடக்கிய ஒற்றை ஃபைல்) மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது?

அப்புறம் க்ரப்4டாஸ். ஐஎஸ்ஓவைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, மேப் கட்டளையால் அதை ஒரு சிடி டிரைவாகக் காட்டலாம். சின்ன டாஸ் கருவிகளுக்கு அருமை. ஆனால் அந்த டிரைவ் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் பழைய அடிப்படை மென்பொருள்) வழியாகத்தான் தெரியும். லினக்ஸ் கெர்னல் எழுந்ததும் பயாஸை விட்டுவிடுவதால், பாதி பூட் ஆன பிறகு தன் ஃபைல்களைக் காணாமல் நின்றுவிடும். ஒவ்வொரு லினக்ஸுக்கும் தனி வழி தேட வேண்டியிருந்தது. பென்டிரைவில் இன்னொரு தொல்லை: ஃபைல் துண்டு துண்டாகப் பதிந்திருந்தால் எரர் 60 வரும். டிஃபிராக் செய்தால் சரியாகிவிடும்.

யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) லேப்டாப்கள் வந்தபோது, லெகஸி மோடு (பழைய பயாஸ் போல பூட் ஆகும் வசதி) இல்லாத இடங்களில் நான் செய்து வைத்திருந்த இரண்டுமே எழவில்லை.

2020-இல் வெளிவந்த வென்டாய் அந்தக் கவலையைத் தீர்த்தது. பென்டிரைவில் ஒருமுறை நிறுவினால் போதும் (உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் பேக்கப் எடுங்கள்). பிறகு ஐஎஸ்ஓவை காப்பி செய்தால் மெனுவில் தானாக வந்துவிடும். பயாஸ், யுஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடுகிறது. பெரிய பார்ட்டிஷன் இயல்பாக எக்ஸ்ஃபேட் என்பதால், 4 ஜிபியைத் தாண்டும் விண்டோஸ் ஐஎஸ்ஓவும் அப்படியே உட்காரும். வென்டாயைப் புதுப்பித்தாலும் ஐஎஸ்ஓக்கள் பத்திரமாக இருக்கும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டுமே பூட் ஆக விடும் பாதுகாப்பு) இருக்கும் இயந்திரத்தில் முதல் தடவை ஒரு நீலத்திரை வரும். பயப்பட வேண்டாம், வென்டாயின் டிஜிட்டல் சாவியை அங்கே பதிவு செய்தால் அடுத்த முறை நேராக மெனு வந்துவிடும்.

ஆனால் டிவிடியில் எழுத வேண்டுமானால் வென்டாய் உதவாது. யூஎஸ்பியில் பூட் ஆகாத பழைய டெஸ்க்டாப்கள் இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்காக மெம்டெஸ்ட், ஜிபார்ட்டட், குளோன்சில்லா மூன்றும் உள்ள ஐசோலினக்ஸ் டிவிடி ஒன்றை இன்றும் பையில் வைத்திருக்கிறேன்.