துன்ஹுவாங் போகிறீர்களா? மொகாவோ டிக்கெட்டை ஏஜென்ட்டிடம் வாங்காதீர்கள்

சீனாவின் கான்சு மாகாணத்தில் இருக்கும் துன்ஹுவாங்குக்குக் கோடையில் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அங்கே உள்ள மொகாவோ, பாறையில் குடைந்த பழைய பௌத்த ஓவியக் குகைகள். அவற்றுக்கு இரண்டு வகை டிக்கெட் உண்டு. ஏ வகை 238 யுவான். முதலில் டிஜிட்டல் மையத்தில் இரண்டு படம் காட்டுவார்கள், அப்புறம் அவர்கள் பஸ்ஸிலேயே குகைக்குக் கூட்டிப்போய், வழிகாட்டியோடு 8 குகை காட்டுவார்கள். பி வகை 100 யுவான். படம் கிடையாது, 4 குகைதான். ஏ வகை ஒரு நாளைக்கு 6000 பேருக்கு மட்டும், அது தீர்ந்துபோகும் சீசன் நாட்களில் பி வகை கொடுக்கிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரோவியத்தை அரிக்கும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த ஏ, பி வித்தியாசம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதை வைத்துப் பிழைக்கும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

நாங்கள் தங்கிய விடுதி மூலமாக வந்த ஒரு டூர் ஏஜென்ட், ஏ டிக்கெட், ஆங்கில வழிகாட்டி, மறுநாள் மேற்குப் பக்கம் யாங்குவான், யூமென்குவான் என்ற பழைய எல்லைக் கோட்டைகள், காற்று அரித்துச் செதுக்கிய யாதான் மேடுகள் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைக்கு 900 யுவான் கேட்டார். "ஏ வகை, 8 குகை" என்று சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டில் எழுத்திலேயே கொடுத்தார். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பதிவு எண்ணை அனுப்பச் சொன்னால், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும் என்ற ஒரே பதில்தான். வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் வந்தது பி வகை. வழிகாட்டியும் வரவில்லை.

அப்பாவுக்கு எழுபது வயது. கி.பி. 366-ல் தொடங்கி ஆயிரம் வருடம் குடைந்த இடம், ஓவியமும் சிலையும் உள்ள குகைகள் மட்டும் 492 என்று வருஷக்கணக்காகப் படித்துவிட்டு, ஆசையாக வந்தவர். முன்னால் நின்ற கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார். விளக்கம் முழுக்கச் சீனத்தில், ஒரு வார்த்தை புரியவில்லை. உள்ளே படம் எடுக்கவும் தடை என்பதால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. நான்காவது குகையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுதானா என்று அவர் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் இன்னும் மோசம். ஓட்டுநர் முதலில் ஒரு மண்கோட்டை ஊருக்குக் கூட்டிப்போய், இதுதான் பழைய துன்ஹுவாங் என்றார். அது 1987-ல் ஒரு சினிமாவுக்காகப் போட்ட செட். சினிமா செட் என்று சொல்லிக் காட்டியிருந்தால் பார்க்கக்கூடிய இடம்தான், பட்டுப்பாதைக் காலத்து ஊர் என்று சொல்லி நுழைவுக் கட்டணம் தனியாக வாங்குவது மோசடி. அங்கிருந்து உலர்பழமும் பச்சைக்கல்லும் விற்கும் கடை, அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல். யூமென்குவான் ஊரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், அங்கே போய்ச் சேர்ந்ததும் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஏறச் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே நாணலையும் சரளை மண்ணையும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய ஹான் காலத்துச் சுவர் இரண்டாயிரம் வருடமாக நிற்கிறது. அதைப் பார்க்க விடவில்லை. யாதானுக்கு நேரமில்லை, இருட்டிவிடும் என்றார். மேற்கே வெகுதூரம் தள்ளியிருந்தாலும் அங்கேயும் பெய்ஜிங் நேரம்தான், அதனால் கோடையில் இரவு எட்டரைக்குக்கூட வெயில் அடிக்கும். எங்கள் விடுதியிலிருந்து வேறு வண்டியில் போன ஒரு குடும்பம் அன்றைக்கே யாதான் பார்த்துவிட்டு வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஏஜென்ட் வீசாட்டில் பிளாக் செய்துவிட்டார். விடுதி வரவேற்பில் இருந்த பெண் நல்லவர், 12345 என்ற அரசுப் புகார் எண்ணுக்கு அவரே பேசி, எழுத்தில் இருந்த வாக்குறுதியைப் படம் பிடித்து அனுப்பினார். ஊர் திரும்பிய பிறகு டிக்கெட் வித்தியாசம் மட்டும் வந்தது. யாதானுக்குக் கொடுத்தது போனது போனதுதான்.

அதனால் மொகாவோ டிக்கெட்டை மொகாவோவின் அதிகாரப்பூர்வப் பதிவுத் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு நீங்களே போடுங்கள், சீசன் என்றால் ஒரு மாதம் முன்பே. ஏ வகை கிடைக்காவிட்டால் பயணத் தேதியையே மாற்றுங்கள். மிங்ஷா மணல் குன்றுகளுக்கும் பிறைநிலா ஏரிக்கும் ஏஜென்ட்டே வேண்டாம், டவுன் பஸ்ஸே போகிறது. மேற்குப் பக்கத்துக்கு மட்டும் கார் தேவைப்படும். போகும் இடங்களின் பெயரைச் சீன எழுத்தில் ஓட்டுநரிடமே எழுதி வாங்குங்கள், கடைக்குப் போகக்கூடாது என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், பாதிப் பணத்தை யாதானில் இறங்கிய பிறகு கொடுங்கள்.