"விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு சார்" என்று சொல்லும் கடையில் லேப்டாப்பைக் கொடுக்கும் முன்

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை படியுங்கள். பயமுறுத்தி விண்டோஸ் 11 போட்டுவிட்டு என்னிடம் 3,500 ரூபாய் வாங்கினார்கள். பணத்தைவிட, அவர்கள் செய்துகொடுத்த வேலைதான் மோசம்.

என்னுடையது இன்டெல் ஐ5, ஏழாம் தலைமுறை. கீபோர்டு மாற்றக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் போன் செய்து, "சார், விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்க. இனிமே நெட் போட்டாலே வைரஸ் வரும். ஒரிஜினல் 11 போட்டுத் தரேன்" என்றார்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது இது: வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களைப் பெற மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குக் காசு கிடையாது. 11-க்குத் தகுதியுள்ள கணினி என்றால், 10-இலிருந்து 11-க்கு மாறுவதும் இலவசம்தான்.

அந்தத் தகுதி என் லேப்டாப்புக்கு இல்லை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11-ஐ ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். கடையில் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகும்படி மாற்றிய பென்டிரைவை வைத்து ஏற்றியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

11 எப்படி என்று யாரிடமாவது விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 2021 அக்டோபரில் வந்த நாளிலிருந்து அப்படித்தான். புது லேப்டாப் வைத்திருக்கும் என் மச்சானுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நாலு விண்டோவைத் திரையில் அழகாகப் பிரித்து வைக்க முடிகிறது என்பார். அலுவலகத்தில் ஒருவருக்கு டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் வைத்தே பழக்கம். 11-இல் அதற்கு வழியில்லாமல் போனதில் அவருக்கு இன்னும் கோபம். ரைட் கிளிக் மெனுவில் பாதி வசதிகளை உள்ளே ஒளித்துவைத்தது எனக்கே எரிச்சல். இவை ரசனை சார்ந்த விஷயங்கள், பழகிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கணினிக்கு அது பொருந்துமா என்பது ரசனை இல்லை. மக்கள் குழம்பியிருக்கும் இந்த நேரத்தில் கடைக்காரர் சொல்வதே வேதவாக்காகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 11 ப்ரோ, 22எச்2 என்று இருந்தது. அந்தப் பதிப்பின் ஹோம், ப்ரோ இரண்டுக்கும் ஆதரவு 2024 அக்டோபர் 8-லேயே முடிந்துவிட்டது. அதாவது பாதுகாப்பு அப்டேட் கிடைக்கக்கூடிய 10-ஐ அழித்துவிட்டு, 10-இன் வழக்கமான ஆதரவு முடிவதற்கு ஒரு வருடம் முன்பே கைவிடப்பட்ட 11-ஐப் போட்டிருக்கிறார்கள். தகுதியில்லாத கணினிக்கு அடுத்த பதிப்பு தானாக வந்தும் சேராது. எந்தப் பயத்தைக் காட்டிக் காசு வாங்கினார்களோ, அந்த ஆபத்திலேயே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தேன். ஏதோ நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் ஆனதாகக் காட்டியது. வீட்டு லேப்டாப்பில் அப்படி வந்தால் பெரும்பாலும் கிராக் வேலைதான். அந்த வகை ஆக்டிவேஷன் 180 நாளுக்குத்தான் செல்லும்; அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒரு புரோகிராமை உள்ளே விட்டுவைப்பார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்தால் ஒரு ஃபோல்டர் இருந்தது. வைரஸ் சோதனை அதைத் தொடக்கூடாது என்று கடையிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். லேப்டாப்போடு நான் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் ஹோம் லைசென்ஸ் இருக்கும்போது இது எதற்கு?

சி டிரைவை ஃபார்மட் அடிப்பதாகவும் சொல்லவில்லை. டெஸ்க்டாப்பில் இருந்தது எல்லாம் போனது. அப்பா வைத்திருந்த பழைய தமிழ் எழுத்துருக்களும் போயின. அவர் தட்டச்சு செய்த கடிதங்களைத் திறந்தால் இப்போது வெறும் குறிகளாகத் தெரிகின்றன.

கேட்டபோது, "பழைய மெஷினுக்கு இப்படித்தான் சார் போட முடியும்" என்றார்கள். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும் எழுதியிருப்பதால் பணத்தைத் திருப்பித் தர முடியாதாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

லேப்டாப்பைக் கொடுக்கும் முன் பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச ஆப்பில் தகுதி உண்டா என்று பார்த்துவிடுங்கள். என்ன ஓஎஸ், எந்தப் பதிப்பு, யாருடைய லைசென்ஸ், ஃபார்மட் உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 10-ஐ இறக்கி, சி டிரைவைச் சுத்தமாக அழித்துத் திரும்பப் போட்டேன். என் பழைய லைசென்ஸ் தானாகவே ஆக்டிவேட் ஆனது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அந்த இலவசத் திட்டத்திலும் சேர்ந்துவிட்டேன். கிராக் இருந்த சமயத்தில் இந்த லேப்டாப்பில் பயன்படுத்திய எல்லா பாஸ்வேர்டையும் போனிலிருந்து மாற்றிவிட்டேன். உங்களுக்கும் இப்படிப் போட்டுக் கொடுத்திருந்தால், பேங்க் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்.